நடை குறைந்தால் கையும் குறையுமா?



இந்தத் தடவை வந்த கடிதங்களில் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். வேடசந்தூர் பக்கத்திலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். நூல் மில்லில் ஷிப்ட் வேலை. கணவர் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் நாலு நாள் வெளியூர். மகள் ஏழாம் வகுப்பு, மகன் நாலாம் வகுப்பு. இத்தனை நாளும் அந்த வீட்டைத் தாங்கியவர் அவருடைய மாமியார். சோறாக்குவது, பிள்ளைகளைக் கிளப்பி அனுப்புவது எல்லாம் அவர்தான். அந்த அம்மாள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷனும் ஆகி, இப்போது வாக்கர் பிடித்து அடி அடியாக நடக்கிறார்.

"அக்கா, அத்தையைப் பாக்க ஆள் இல்லை. மகளை ஒரு வருஷம் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திக்கலாம்னு வீட்ல பேச்சு நடக்குது. எனக்கு மனசு ஒப்பலை. ஆனா வேற வழியும் தெரியலை" என்று முடித்திருக்கிறார்.

தங்கையே, முதல் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறுத்தாதீர்கள். 6 முதல் 14 வயதுப் பிள்ளைக்குப் படிப்பு உரிமை என்று 2009-ல் சட்டம் போட்டு, 2010 ஏப்ரலிலிருந்து அது நடப்பில் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள். "ஒரு வருஷம்தானே" என்று நிறுத்திய பெண்பிள்ளை மறுவருஷம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதை எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை. தம்பியை நிறுத்தலாமா என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

வேறு வழி உண்டா என்றால், உண்டு. எங்கள் வீட்டிலும் இதே கதை நடந்தது. நாலு வருஷத்துக்கு முன் என் மாமியார் பின்கட்டில் துவைக்கிற கல் பக்கத்தில் விழுந்தார். மூட்டை மாற்றி வைத்தார்கள். அன்றிலிருந்து வாக்கர்தான் துணை. அப்போது என் மகன் ஒன்பதாம் வகுப்பு, மகள் ஆறாம் வகுப்பு. நாங்கள் வேலையை எப்படிப் பிரித்துக்கொண்டோம் என்று சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கு ஒத்துவருவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு பட்டியல்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரம், பழைய நோட்டில் வீட்டு வேலை அத்தனையும் எழுதினோம். வாசல் தெளிப்பதிலிருந்து ராத்திரி பால் உறை ஊற்றுவது வரை. எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து, அத்தை கட்டிலில் சாய்ந்தபடி, ஆளுக்கொன்றாகச் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். மொத்தம் 37 வந்தது. என் வீட்டுக்காரர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவா?" என்றார். பதினாறு வருஷமாக அதே வீட்டில்தான் அவரும் இருக்கிறார்!

பிறகு அந்த 37-ஐ நாலாகப் பிரித்தோம். தூக்கிச் சுமக்கும் வேலை, நின்று செய்யும் வேலை, உட்கார்ந்து செய்யும் வேலை, நினைவு வைத்துக்கொள்ளும் வேலை. இந்தப் பிரிவினைதான் எங்களுக்குக் கண்ணைத் திறந்தது. உட்கார்ந்து செய்வதும் நினைவு வைப்பதும் சேர்ந்து பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு! அவற்றுக்கு நடை வேண்டியதில்லை, கையும் கவனமும் போதும்.

அத்தை தானாகவே ஆரம்பித்தார். "ஏத்தா, உக்காந்தே திங்கிற சோறு உடம்புல ஒட்டாது. அந்த வெங்காயத்தை இங்கிட்டுத் தள்ளு" என்றார். சின்ன வெங்காயம் உரிப்பது, முருங்கைக்கீரை ஆய்வது, சொளகில் அரிசி பார்ப்பது, புளி கொட்டை எடுப்பது, காய்ந்த துணி மடிப்பது எல்லாம் அவர் பங்கு. நம் ஊரில் இது புதிதா என்ன? நிலக்கோட்டைப் பூவை வீடு வீடாக உட்கார்ந்துதானே கட்டுகிறார்கள்? திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூட்டுக்கு அரம் போடுகிறவரும் உட்கார்ந்த இடத்தில்தான் போடுகிறார். உட்கார்ந்த வேலையை வேலையில்லை என்று யார் சொன்னது?

நினைவு வேலை என்றேனே, அதுதான் வெளியே தெரியாத பாரம். பால் கணக்கு, கேஸ் பதிவு, ரேஷன் தேதி, மகளுக்கு எந்தக் கிழமை எந்தச் சீருடை, தண்ணீர் எந்த நாள் வரும் என்று எல்லாவற்றையும் இதுவரை நான்தான் தலையில் சுமந்தேன். இப்போது ஒரு காலண்டரும் பென்சிலும் அத்தை கட்டிலோரம் தொங்குகின்றன. "நாளைக்குத் தண்ணி, குடத்தை வெளிய எடுத்து வையி" என்று முதல்நாள் ராத்திரியே உத்தரவு வந்துவிடும். என் தலையில் பாதி பாரம் இறங்கியது.

ஒரு விஷயம் முக்கியம். நேரம் போவதற்காக எதையோ கையில் கொடுத்ததாக இருக்கக் கூடாது. அவர் உரித்த வெங்காயம் அன்றைய குழம்பில் விழ வேண்டும். பத்து நிமிஷம் தாமதமானாலும் பிடுங்கி நாமே செய்துவிடக் கூடாது. வலி அதிகமான நாளில் "இன்னைக்கு முடியலை" என்று அவர் சொன்னால் ஏன் என்று கேட்கவும் கூடாது.

ஆண்கள் பங்கு

மத்திய அரசின் புள்ளியியல் துறை 2019-ல் ஒரு கணக்கெடுத்தது. 6 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்பதுதான் கணக்கு. சம்பளமில்லாத வீட்டு வேலையில் கைவைத்த பெண்கள் நூற்றுக்கு 81 பேர், ஆண்கள் 26 பேர். அப்படிக் கைவைத்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தாலும் பெண்கள் நாளுக்கு 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம். 2024-ல் மறுபடி எடுத்தார்கள். பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. ஐந்து வருஷத்தில் நமக்குப் பத்து நிமிஷம் மிச்சம்! அவர்களுக்கும் ஒன்பது நிமிஷம் மிச்சம்!

வீட்டில் ஒருவருக்கு நடை குறைந்ததும் அவர் விட்ட வேலை தானாகவே இன்னொரு பெண்ணின் தலையில் போய் விழுகிறது. முதலில் மருமகள், அவளுக்கும் முடியாவிட்டால் பேத்தி. தண்ணீர் பள்ளத்தைத் தேடுவது போலத்தான் இதுவும். நாம் வரப்பு கட்டினால்தான் வேறு பக்கம் திரும்பும்.

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. "உனக்கு ஏதாவது ஒத்தாசை வேணும்னா சொல்லு" என்றுதான் ஆரம்பித்தார். நான் சொன்னேன்: "என்னங்க, ஒத்தாசைன்னா தெனமும் நான் சொல்லணும், நீங்க செய்யணும். சொல்றதே எனக்கு இன்னொரு வேலை. பட்டியலைப் பாத்து நீங்களா சிலதை எடுத்துக்குங்க. அது உங்க வேலைன்னு இருக்கட்டும்."

அம்மாவைக் குளிப்பாட்ட மகனுக்குக் கூச்சம், அத்தைக்கும் கூச்சம். அது நியாயம்தான். அதை நான் எடுத்துக்கொண்டேன். அதற்கு ஈடாகத் துணி துவைத்துக் காயப்போடுவதும், கக்கூஸ் குளியலறை கழுவுவதும் அவருடையது. ஆத்தூர் அணைத் தண்ணீர் குழாயில் வரும் நாளில் குடம் சுமப்பது அவருக்கும் மகனுக்கும். முதல் வாரம் வெள்ளைச் சட்டையும் சிவப்புத் துண்டும் ஒன்றாக ஊறின. சட்டை ரோஸ் கலராகிவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது வாரம் அவரே தனியாகப் பிரித்துவிட்டார். இந்த இடத்தில் நாம் வாயைக் கட்டுவது முக்கியம் சகோதரிகளே. குறை சொல்லிப் பிடுங்கினால் அந்த வேலை மறுபடி நம்மிடமே வந்துவிடும்.

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15-ல் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது, அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைக்காமல் உரிமைத்தொகை என்று வைத்தார்கள். வீட்டில் நாம் செய்வதும் உழைப்புத்தான் என்ற எண்ணம் அந்தப் பெயரில் இருக்கிறது. அது உழைப்பு என்றால், பங்கு போட்டுக்கொள்ளவும் வேண்டுமே!

பிள்ளைகள் எவ்வளவு செய்யலாம்?

செய்யட்டும், அளவோடு. எங்கள் வீட்டு விதி: பள்ளிநாளில் ஆளுக்கு அரை மணிதான், பரீட்சை சமயத்தில் அதுவும் இல்லை. மகனுக்கும் மகளுக்கும் வாரம் ஒரு முறை வேலை மாறும். இந்த வாரம் பாத்திரம் கழுவியவர் அடுத்த வாரம் வாசல் கூட்டுவார். "பாத்திரம் அவளுக்கு, கடை எனக்கு" என்ற பேச்சு கிடையாது.

பாட்டியைத் தூக்குவதோ, கக்கூஸுக்குப் பிடித்துக்கொண்டு போவதோ சின்னப் பிள்ளை வேலை இல்லை. இரண்டு பேருமே விழுவார்கள். தண்ணீர் கொடுப்பது, செய்தித்தாள் படித்துக் காட்டுவது, கீழே விழுந்த கைத்தடியை எடுத்துத் தருவது போன்றவை போதும்.

மறைந்து நிற்கும் ஆபத்து

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் இந்தப் பகுதியை மட்டுமாவது இரண்டு தரம் படியுங்கள்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் ஆனபோது, மத்தியானத்தில் அத்தை தண்ணீரே தொடுவதில்லை என்று தெரிந்தது. காலையில் வைத்த செம்பு சாயங்காலம் வரை அப்படியே இருந்தது. கேட்டால், "தாகமில்லைத்தா." பிறகு மெதுவாகச் சொன்னார். "நீ கடைக்குப் போயிட்டு வர நாலு மணி ஆகுது. அதுவரைக்கும் ஒண்ணுக்குப் போக யாரைக் கூப்பிட? அதான் குடிக்கிறதில்லை."

நம் வீட்டுப் பெரிய பெண்களில் எத்தனையோ பேர் இப்படி வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். வயதானால் தாக உணர்ச்சியே குறையும். அதன்மேல் வேண்டுமென்றே குடிக்காமலும் இருந்தால் மலச்சிக்கல் வரும், சிறுநீரில் கிருமி தங்கும், தலை சுற்றி மறுபடி விழவும் நேரும். சிலருக்குப் பேச்சே தடுமாறும். நாம் 'வயசாயிடுச்சு, புத்தி மாறுது' என்று நினைத்துக்கொள்வோம்.

ஆகையால் வேலைப் பட்டியலில் முதல் வேலையாக இதை எழுதுங்கள்: இரண்டு மணிக்கு ஒரு தரம், அவர் கேட்பதற்கு முன் நாமே அழைத்துப் போவது. ஒவ்வொரு வேளைக்கும் ஒரு பெயர் இருக்க வேண்டும். யாரும் வீட்டில் இல்லாத நேரத்துக்கு, நடுவில் திறப்பும் அடியில் வாளியும் உள்ள நாற்காலி மருந்துச் சாமான் கடைகளில் கிடைக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில், அசையாமல் போடுங்கள். முன்னால் ஒரு திரை கட்டுங்கள், மானம் பெரிது. குளியலறைச் சுவரில் பிடித்து எழ வெல்டிங் பட்டறையில் இரும்புக் குழாய் அடித்து நன்றாகப் பதித்துவிடுங்கள். வழுக்கும் தரையில் ரப்பர் விரிப்புப் போடுங்கள்.

அடுப்படியைத் திருப்பி வைத்தால்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1954-ல் ஒரு வண்டி விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவு போய்விட்டது. இளம் வயது. அதோடு முடிந்தது என்று அவர் இருக்கவில்லை. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம் என்பதால், சக்கர நாற்காலியில் அமர்ந்து அதைச் செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்தார். வேலூரில் அவர் முயற்சியில் 1966-ல் மறுவாழ்வு நிலையம் வந்தது. 1972-ல் பத்மஸ்ரீ பட்டமும் வந்தது. எந்த வேலையை உட்கார்ந்து செய்ய முடியும் என்று தேடினார்களே, அந்தத் தேடல்தான் நமக்குப் பாடம்.

அமெரிக்காவில் லில்லியன் கில்பிரெத் என்று ஒரு பெண் பொறியாளர் இருந்தார். பன்னிரண்டு பிள்ளை பெற்றவர், 1924-ல் கணவரை இழந்தவர். இதய நோய் உள்ள பெண்களும் உடல் குறை உள்ள பெண்களும் களைத்துப் போகாமல் வேலை செய்ய அடுப்படியை எப்படி அமைக்கலாம் என்று பிற்காலத்தில் ஆராய்ந்தார். அவர் வழியில் வந்ததும் நாங்களாகக் கண்டுபிடித்ததுமாகச் சில யோசனைகள்:

1. தினமும் தொடும் சாமான் இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவே இருக்கட்டும். குனிந்து எடுப்பதும் எக்கி எடுப்பதும் விழுவதற்கு வழி.

2. மூட்டு மாற்றியவர்கள் பெரும்பாலும் தரையில் உட்காரக் கூடாது, குந்தக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது. தாழ்ந்த முக்காலியும் ஆகாது. அப்படியென்றால் அரிவாள்மனைக்கு விடை கொடுங்கள். கை வைத்த உயரமான நாற்காலி, எதிரே மேஜை, பலகை, கத்தி. உங்கள் டாக்டர் சொன்ன விதி எதுவோ அதுதான் கடைசி வார்த்தை.

3. வாதம் வந்து ஒரு கை மட்டும் இயங்குகிறவருக்கு, பலகையில் இரண்டு துருப்பிடிக்காத ஆணியைக் கூர்முனை மேலே வரும்படி அடித்துக் கொடுங்கள். உருளைக்கிழங்கைக் குத்தி நிறுத்தி ஒரே கையால் சீவலாம். வேலை முடிந்ததும் ஆணியில் தக்கையைச் செருகி வையுங்கள். பாத்திரத்துக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் நழுவாது.

4. வாக்கர் பிடித்தவருக்கு இரண்டு கையும் அதிலேயே இருக்கும். முன்பக்கம் ஒரு துணிப்பை தைத்துக் கட்டினால் கண்ணாடி, போன், மருந்து எல்லாம் அதில் போகும். சூடான பாத்திரத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் அவர் தூக்க வேண்டாம்.

5. எழுப்பும்போது கக்கத்தில் கைகொடுத்து இழுக்காதீர்கள். அவருக்குத் தோளும் நமக்கு முதுகும் போகும். நாற்காலி விளிம்புக்கு நகர்ந்து, நல்ல காலின் பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, நாற்காலிக் கையை ஊன்றி அவரே எழட்டும். நாம் பக்கத்தில் நின்று இடுப்பைத் தாங்கினால் போதும். எந்த அளவுக்கு முன்னால் சாயலாம் என்பதைப் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளியே கேட்கவும் தயங்காதீர்கள்

2021 ஆகஸ்ட் 5-ல் தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தைக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரைக்கு மருந்து மட்டுமில்லை, வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் அந்தத் திட்டத்தில் சேர்ந்தது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். நடை நிரந்தரமாகக் குறைந்திருந்தால், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி மருத்துவச் சான்றுக்கும் அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம். மூத்த குடிமக்களுக்கு 14567 என்ற இலவச எண் இருக்கிறது. விவரம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

இனி வேடசந்தூர்த் தங்கைக்கு, உங்கள் வீட்டுக் கணக்கு. அத்தைக்கு உட்கார்ந்து செய்யும் காய்கறி வேலை, பிள்ளைகள் வீட்டுப்பாடம், காலண்டர். கணவர் ஊரில் இருக்கும் மூன்று நாளும் துணி, தண்ணீர், சந்தை முழுதும் அவருடையது. ஒட்டன்சத்திரம் பக்கம் லோடு ஏற்றுகிறவர் வீட்டுக்கு ஒரு பை காய்கறி கொண்டுவர மாட்டாரா? பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அரை மணி, மகனுக்கும் சேர்த்துத்தான். மில்லில் உங்கள் ஷிப்டைப் பகல் ஷிப்டாகவே சில மாதம் வைத்துத் தரக் கேட்டுப் பாருங்கள். மத்தியானம் ஒரு மணிக்கு அத்தையை எட்டிப்பார்க்க மட்டும் ஆள் வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மாதம் ஒரு தொகை பேசிக் கொடுங்கள். இலவசமாகக் கேட்டால் நாலு நாள்தான் வருவார்கள். பணம் புரட்டுவது சிரமம்தான், அறிவேன். மகளின் படிப்பை விற்று மிச்சம் பிடிப்பதைவிட இது மலிவு.

பட்டியல் போடும்போது மகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். பள்ளிக்கூடத்தை நிறுத்துவது அந்தப் பட்டியலில் இல்லை என்று அவள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளட்டும். பிறகு என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள். மற்ற சகோதரிகளும் உங்கள் வீட்டில் கண்டுபிடித்த யோசனைகளை எழுதி அனுப்புங்கள். நல்லவற்றை வரும் இதழ்களில் பகிர்ந்துகொள்ளலாம்.